லோடு சட்டென்று போனால் ஜெனரேட்டருக்கு என்ன ஆகும்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜெனரேட்டர் அறையில் முதல் நாள் நிற்பவர்கள் லோடு ஏறும்போதுதான் பயப்படுவார்கள். எஞ்சின் முக்கும், கரும்புகை வரும், விளக்கு ஒரு கணம் மங்கும். லோடு இறங்கினால் ‘அப்பாடா, எஞ்சினுக்கு ஓய்வு’ என்று தோன்றும். பல சாதனங்கள் கெட்டுப்போவது அந்த ‘அப்பாடா’ நேரத்தில்தான். முழு லோடு இழுத்துக்கொண்டிருந்த செட்டிலிருந்து லோடு ஒரேயடியாகப் போனால், வேகமும் வோல்டேஜும் சேர்ந்து எகிறும். சில நொடிகளில் அடங்கிவிடும். ஆனால் அந்தச் சில நொடிகளில் ஜெனரேட்டரோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது எதுவோ, அடி அதன்மேல்தான் விழும். போன லோடை விடுங்கள், மிச்சம் இருப்பதைப் பாருங்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் கடைசியில் இந்த ஒரு பார்வைக்குத்தான் வந்து சேரும்.

டீசல் செட்டை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மற்றவை எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே சொல்கிறேன்.

முதல் படி: வேகம் ஏன் எகிறுகிறது?

ஏற்றத்தில் எழுந்து நின்று சைக்கிள் மிதிக்கிறீர்கள், செயின் கழன்றுவிடுகிறது. காலின் விசை அப்படியே இருக்கிறது, எதிர்ப்பு மட்டும் காணோம். பெடல் சரேலென்று சுற்றிவிடும். எஞ்சினுக்கும் இதே கதிதான். 100 கிலோவாட்டுக்கு வேண்டிய டீசல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, அதை வாங்கிக்கொள்ள வெளியே ஆள் இல்லை. மிச்ச சக்தி முழுவதும் ஃப்ளைவீலையும் ரோட்டரையும் வேகப்படுத்தப் போகிறது.

இது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் பிறகு மறக்காது. 1500 ஆர்பிஎம்மில் ஓடும் ஒரு 100 கிலோவாட் செட். அதன் சுழலும் பாகங்களில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 49 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். முழு லோடும் போனபின் டீசல் சிறிதும் குறையவில்லை என்றால், ஒவ்வொரு நொடிக்கும் 100 கிலோஜூல் கூடுதலாகச் சேரும். 0.1 நொடியில் 10 கிலோஜூல் சேர்ந்து, வேகம் ஏறக்குறைய 1645 ஆர்பிஎம் ஆகிவிடும். 0.16 நொடியில் 1725-ஐத் தொடும். அது பெயரளவு வேகத்தில் 115 சதவீதம். பல செட்டுகளில் ஓவர்ஸ்பீடு டிரிப் (வேகம் எல்லை மீறினால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்பு) விழும் இடம் அதை ஒட்டித்தான் இருக்கும்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 1500-இல் ஓடும்போது ஒரு சிலிண்டரின் முழுச் சுற்று 0.08 நொடி. ஆக, வேகத்தைப் பார்த்து டீசலைக் கூட்டிக் குறைக்கும் கவர்னருக்குக் கிடைப்பது இரண்டே சுற்று. அதற்குள் வேகம் கூடுவதைக் கவனித்து, ராக்கை (பம்பில் டீசல் அளவைத் தீர்மானிக்கும் தண்டு) இழுத்து, டீசலைக் குறைக்க வேண்டும். ஏற்கெனவே சிலிண்டருக்குள் பீய்ச்சிய டீசலைத் திரும்ப எடுக்க முடியாது, அது எரிந்தே தீரும். நல்ல கவர்னர்கள் இதைச் செய்துவிடுகின்றன என்பதே எனக்கு இன்றும் ஆச்சரியம்.

டர்போ உள்ள எஞ்சினில் இன்னொன்றும் கேட்கும். டீசல் குறைந்த பிறகும் டர்போ தன் வேகத்திலேயே கொஞ்ச நேரம் சுற்றும். எஞ்சினுக்கு வேண்டாத காற்றையும் தள்ளும். சில செட்டுகளில் அப்போது ஒரு ‘ப்ஃபூ, ப்ஃபூ’ என்ற மூச்சிரைப்பு கேட்கும். எப்போதாவது என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் பலமாகக் கேட்டால் டர்போவைப் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் எஞ்சினில் நிலைமை கொஞ்சம் மோசம்: த்ராட்டில் மூடினாலும் அதற்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள குழாயில் காற்றும் கேஸும் கலந்தே நிற்கும், அது எரிந்து தீரும்வரை வேகம் அடங்காது.

இரண்டாம் படி: உங்கள் செட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு காகிதத்தில் இவற்றை எழுதுங்கள்: பெயர்ப்பலகையில் உள்ள கிலோவாட், கேவிஏ, ஆர்பிஎம், கவர்னர் மெக்கானிக்கலா எலக்ட்ரானிக்கா, ஓவர்ஸ்பீடு டிரிப் எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறது, ஓவர்வோல்டேஜ் டிரிப் இருக்கிறதா, இருந்தால் எத்தனை நொடி தாமதம். கடைசி இரண்டும் கண்ட்ரோலர் மெனுவில் கிடைக்கும். பழைய பேனலில் ரிலேயின் முகப்பிலேயே இருக்கும்.

கவர்னரின் வகை ஏன் முக்கியம்? மெக்கானிக்கல் கவர்னரில் ‘ட்ரூப்’ உண்டு. லோடு ஏற ஏற வேகம் கொஞ்சம் இறங்கும், லோடு போனால் மேலே ஏறி அங்கேயே நிற்கும். 4 சதவீத ட்ரூப் என்றால், முழு லோடில் 50 ஹெர்ட்ஸ் காட்டும் செட் லோடு இல்லாமல் 52-இல் நிற்கும். அது கோளாறு இல்லை. இது தெரியாமல் லோடு போனதும் ஓடிப்போய் வேகத்தை 50-க்குத் திருகி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுபடி லோடு வந்ததும் 48-க்கு இறங்கும், அப்புறம் அதற்கும் ஒரு திருகல். எலக்ட்ரானிக் கவர்னரை ட்ரூப் இல்லாமல் அமைத்திருந்தால், எகிறி இறங்கி மறுபடி 50-க்கே வந்து நிற்கும்.

எவ்வளவு எகிறல் சரி என்பதற்கு ஜெனரேட்டர் செட்டுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8528-5 ஒரு அளவுகோல் தருகிறது. முழு லோடும் ஒரேயடியாகப் போகும்போது அதிர்வெண் ஜி1 வகுப்பில் 18 சதவீதம் வரை, ஜி2-வில் 12 வரை, ஜி3-யில் 10 வரை கூடலாம். வோல்டேஜ் முறையே 35, 25, 20 சதவீதம் வரை கூடலாம். இந்த எண்களைக் கொஞ்சம் நின்று படியுங்கள். 230 வோல்ட் தரும் ஜி2 செட் ஒரு கணம் 287 வோல்ட் காட்டினாலும் அது தேறிய செட்தான்! ‘எங்கள் ஜெனரேட்டர் ஸ்டாண்டர்டுப்படி இருக்கிறது’ என்று ஒருவர் சொல்லும்போது, அந்த 287 வோல்டைத் தாங்கப்போகும் கருவியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் படி: வோல்டேஜை வேகத்திலிருந்து பிரித்துப் பாருங்கள்

புதியவர்கள் குழம்பும் இடம் இது. வேகம் கூடியதால்தான் வோல்டேஜ் கூடுகிறது என்று நினைப்பார்கள். அது ஒரு பகுதிதான். பெரிய பகுதி ஃபீல்டிலிருந்து, அதாவது ரோட்டரைக் காந்தமாக்கும் சுருளிலிருந்து வருகிறது.

மோட்டார் மாதிரி லோடு ஓடும்போது ஆல்டர்னேட்டரின் (செட்டில் மின்சாரம் தயாரிக்கும் பாகம்) உள்ளேயே வோல்டேஜ் இறக்கம் இருக்கும். அதை ஈடுகட்ட ஏவிஆர் (வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் கருவி) ஃபீல்டு கரண்டை ஏற்றி வைத்திருக்கும். முழு லோடில் அது லோடு இல்லாத நிலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல்கூட இருக்கும். லோடு போன கணத்தில் உள் இறக்கம் மறைந்துவிடுகிறது, ஏற்றி வைத்த ஃபீல்டு மட்டும் நிற்கிறது. வோல்டேஜ் துள்ளுகிறது. ஏவிஆர் அதை உடனே பார்த்துவிடும், ஆனால் சாதாரண ஏவிஆர் எக்சைட்டருக்கு (ரோட்டருக்குக் கரண்ட் தரும் சின்ன ஜெனரேட்டர்) போகும் கரண்டைப் பூஜ்யமாக்கலாம், எதிர்த்திசையில் தள்ள முடியாது. ரோட்டரில் உள்ள காந்தப்புலம் தானாகத் தளர்ந்து இறங்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நினைவில் வைக்க ஒரு சின்ன விதி: கிலோவாட் போனால் வேகம் ஆடும், கேவிஏஆர் (மோட்டார் போன்றவை காந்தப்புலத்துக்காக வாங்கித் திருப்பும் சக்தி) போனால் வோல்டேஜ் ஆடும். மோட்டார் போனால் இரண்டும் ஆடும். இதில் ஒரு பொறி இருக்கிறது. சோதனைக்குப் பெரும்பாலும் ஹீட்டர் வகை லோடு பேங்க்தான் (சோதனைக்கென்றே உள்ள செயற்கை லோடு) கொண்டுவருவார்கள். அதில் கேவிஏஆர் கிடையாது. அதை அணைத்துப் பார்த்து வோல்டேஜ் அதிகம் எகிறவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதே கிலோவாட் அளவுக்கு மோட்டார்கள் ஒன்றாக நிற்கும்போது எகிறல் கூடுதலாக இருக்கும்.

நான்காம் படி: மிச்சம் இருப்பதைப் பட்டியல் போடுங்கள்

இந்த வேலைக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். பேனலின் ஒற்றைவரிப் படத்தை (எந்த பிரேக்கர் எதற்குப் போகிறது என்று காட்டும் படம்) வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிரேக்கராகக் கேளுங்கள்: ‘இது விழுந்தால் ஜெனரேட்டரோடு யார் மிச்சம்?’

ஜெனரேட்டரின் மெயின் பிரேக்கரே விழுந்தால் ஒரு விதத்தில் நல்லது. எகிறும் வோல்டேஜைப் பார்க்க வெளியே யாரும் இல்லை. ஆல்டர்னேட்டர், ஏவிஆர், கண்ட்ரோலர், செட்டின் பேட்டரி சார்ஜர், அவ்வளவுதான். எஞ்சினுக்கு இது மிகக் கடுமையான நிலை, சாதனங்களுக்கு மிகப் பாதுகாப்பான நிலை.

கீழே உள்ள பெரிய ஃபீடர் ஒன்று விழுந்தால் கதை மாறும். லோடில் 80 சதவீதம் போய், மிச்ச 20 சதவீதத்தில் விளக்குகளும் கம்ப்யூட்டர்களும் கண்ட்ரோல் சர்க்யூட்டும் இருக்கின்றன. எகிறல் முழுவதும் அவற்றின் தலையில். 264 வோல்ட் வரை என்று போட்டிருக்கும் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டர் போன்றவற்றின் பவர் சப்ளை), எல்ஈடி டிரைவர், வேரிஸ்டர் (மிகை வோல்டேஜை உறிஞ்சும் பாகம்) எல்லாம் இப்படித்தான் போகின்றன. ஒரு முறையில் போகாது. பத்து முறை தாங்கிவிட்டுப் பதினோராவது முறை போகும். அதனால்தான் யாரும் ஜெனரேட்டரைச் சந்தேகிப்பதில்லை, ‘சரக்கு சரியில்லை’ என்று புதிதாக வாங்கி மாட்டிவிடுவார்கள். மிச்சம் இருப்பது பம்போ ஃபேனோ என்றால், 10 சதவீத வேகம் கூடினால் அது கேட்கும் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடும். சில நொடிக்கு இது தொல்லை இல்லை, சொல்லப்போனால் எஞ்சினை அடக்க அது கொஞ்சம் உதவவும் செய்யும்.

மிச்சம் இருப்பவற்றில் இரண்டுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும்.

ஒன்று, கெப்பாசிட்டர். பவர் ஃபேக்டரைத் திருத்த வைத்த கெப்பாசிட்டர் பேங்க், பழைய வகை யூபிஎஸ்ஸின் உள்ளீட்டு ஃபில்டர், நீண்ட கேபிள் எல்லாம் இதில் அடக்கம். மோட்டார்கள் ஓடும்வரை கெப்பாசிட்டரின் கேவிஏஆரை அவை வாங்கிக்கொள்ளும். மோட்டார்கள் நின்று கெப்பாசிட்டர் மட்டும் மிச்சமானால், அது ஆல்டர்னேட்டரைத் தானே காந்தப்படுத்த ஆரம்பித்துவிடும். ஏவிஆர் ஃபீல்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகலாம். ஏவிஆர் கையை விரித்துவிட்ட நிலை அது. ஆட்டோமேட்டிக் பவர் ஃபேக்டர் பேனல் இருக்கிறதே என்பீர்கள். அது படிப்படியாக விலக்கும், இங்கே அவ்வளவு அவகாசம் கிடையாது. ஜெனரேட்டரில் ஓடும்போது கெப்பாசிட்டர் பேனலை முழுவதும் விலக்கி வைக்க ஏடிஎஸ்ஸிலிருந்து (மெயின் சப்ளைக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே லோடைத் தானாக மாற்றும் சுவிட்ச்) ஒரு துணைக் காண்டாக்ட் எடுப்பதுதான் எளிய வழி. தனித்தனி மோட்டாருக்கு வைத்த கெப்பாசிட்டர் என்றால், அந்த மோட்டாரின் காண்டாக்டருக்குக் கீழேயே இருக்கட்டும், மோட்டாரோடு சேர்ந்தே போய்விடும்.

இரண்டு, யூபிஎஸ். அதிர்வெண் வேகமாக மாறினால் யூபிஎஸ் ‘இந்தக் கரண்ட் எனக்கு வேண்டாம்’ என்று பேட்டரிக்குப் போய்விடும். போனதும் ஜெனரேட்டரிலிருந்து இன்னொரு லோடு போகிறது, வேகம் இன்னும் எகிறுகிறது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியதும் யூபிஎஸ் திரும்பி வருகிறது, வேகம் இறங்குகிறது, மறுபடி பேட்டரிக்கு ஓடுகிறது. ஊஞ்சல் மாதிரி இது ஆடிக்கொண்டே இருக்கும். யூபிஎஸ் மெனுவில் ஜெனரேட்டருக்கென்று அதிர்வெண் வரம்பைத் தளர்த்தும் அமைப்பும், திரும்பி வரும்போது மெதுவாக லோடு ஏற்றும் அமைப்பும் பெரும்பாலும் இருக்கும். அதைப் போடாமல் கவர்னரைத் திருகுவது வீண்வேலை.

லிஃப்ட், கிரேன் உள்ள இடமா? அவை கீழே இறங்கும்போது சக்தியைத் திருப்பித் தள்ளும் வகையாக இருக்கலாம். மற்ற லோடுகள் ஓடும்போது அவை அதைத் தின்றுவிடும். மற்றவை போய், இறங்கும் லிஃப்ட் மட்டும் மிச்சம் என்றால், எஞ்சினையே அது தள்ளும். டீசலைப் பூஜ்யமாக்கினாலும் வேகம் குறையாது. அங்கே பிரேக்கிங் ரெசிஸ்டர்தான் தீர்வு.

ஐந்தாம் படி: சோதனை

தனியாகச் செய்யாதீர்கள். செட்டைத் தெரிந்த ஒருவர் எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் பக்கத்தில் நிற்கட்டும். சோதனையைத் தொடங்குவதற்கு முன்னால் இரண்டைப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது, மெக்கானிக்கல் பம்பாக இருந்தால், கவர்னர் லிங்கேஜைக் கையால் அசைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். பிசின் பிடித்து ராக் சிக்கியிருந்தால், மேலே போட்ட கணக்கில் டீசல் குறையவே குறையாது. அடுத்து, ஓவர்ஸ்பீடு டிரிப் வேலை செய்கிறதா என்பதை உறுதிப்படுத்துங்கள். பல கண்ட்ரோலர்களில் உண்மையில் வேகத்தை ஏற்றாமல் டிரிப் அளவைத் தற்காலிகமாகக் கீழே இறக்கி இதைச் சோதிக்கலாம். முடிந்ததும் பழைய அளவை மறக்காமல் திருப்பி வையுங்கள்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 25 சதவீத லோடைக் கொடுத்து, ஒரே பிரேக்கரால் விலக்குங்கள். உச்ச அதிர்வெண், உச்ச வோல்டேஜ், பழைய நிலைக்குத் திரும்ப ஆன நொடிகள் மூன்றையும் குறியுங்கள். உச்ச அளவைப் பிடித்து வைக்கும் மீட்டர் வேண்டும்; இல்லையென்றால் போனில் பேனலை வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மீட்டர் கொஞ்சம் சோம்பேறி என்பதால் உண்மையான உச்சம் அதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். அப்புறம் 50, 75, 100. ஒரு படியில் எகிறல் அதிகமாகத் தெரிந்தால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எங்கே நிறுத்துவது? அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அவசர டீசல் செட்டுகளுக்கு ஒழுங்குமுறை வழிகாட்டி 1.9-இல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மிகப்பெரிய ஒற்றை லோடு விலகும்போது, பெயரளவு வேகத்துக்கும் டிரிப் வேகத்துக்கும் உள்ள இடைவெளியில் முக்கால் பங்கைத் தாண்டக்கூடாது, 115 சதவீதத்தையும் தாண்டக்கூடாது, இரண்டில் எது குறைவோ அது. சாதாரண செட்டுக்கு யாரும் இதைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் எனக்கு இது பிடித்த அளவுகோல். டிரிப் 1725 என்றால் இடைவெளி 225, முக்கால் பங்கு சேர்த்தால் சுமார் 1668 ஆர்பிஎம். அதற்குள் உச்சம் நின்றால் டிரிப்புக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கிறது.

டிரிப் அளவை மேலே ஏற்றி வைத்துத் தொல்லையைத் தீர்க்கலாமா என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். கூடாது. மையவிலக்கு விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 20 சதவீத வேகம் கூடினால் விசை 44 சதவீதம் கூடும். சுழலும் மின் இயந்திரங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60034-1 ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதே 1.2 மடங்கு வேகத்தில் 2 நிமிடம்தான். அதற்கு மேலே ரோட்டர் சுருள் பிதுங்கி ஸ்டேட்டரில் உரசினால், பேச்சு ரீவைண்டிங்கோடு முடியாது.

ஆறாம் படி: நிஜமாக நடந்தால்

லோடு போய் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், கை பரபரத்து நிறுத்திவிடாதீர்கள். ஒரு நிமிடம் முன்புவரை முழு லோடில் இருந்த எஞ்சின் அது. டர்போவும் சிலிண்டர் ஹெட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ஆயில் ஓட்டமும் கூலண்ட் ஓட்டமும் நின்று, டர்போ பேரிங்கில் ஆயில் கருகும். 3 முதல் 5 நிமிடம் லோடு இல்லாமல் ஓடட்டும். விதிவிலக்கு ஒன்று: வேகம் அடங்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே எமர்ஜென்சி ஸ்டாப். டீசலை நிறுத்தியும் எஞ்சின் நிற்கவில்லை என்றால் அது வேறு வழியாக எரிபொருளை உறிஞ்சுகிறது, தன் ஆயிலையோ காற்றில் கலந்த ஆவியையோ. காற்றுவழி ஷட்டர் இருந்தால் அதை மூடுங்கள், இல்லையென்றால் தள்ளி நில்லுங்கள். கையால் காற்றுக் குழாயை அடைக்கப் போகாதீர்கள்.

வேகம் அடங்கிவிட்டதா? இப்போது வோல்டேஜைப் பாருங்கள். வேகம் சரியாக வந்தும் வோல்டேஜ் மேலேயே நின்றால், ஏவிஆர் கெட்டிருக்கும், அல்லது அதன் சென்சிங் ஒயர் கழன்றிருக்கும், அல்லது மேலே சொன்ன கெப்பாசிட்டர். மூன்றில் எதுவானாலும் மிச்ச லோடை முதலில் விலக்குங்கள்.

பிறகு ஏன் லோடு போனது என்று தேடுங்கள். பிரேக்கர் ஷார்ட்டில் விழுந்திருந்தால் மறுபடி போடுவது ஆபத்து. காரணம் தெரிந்து சரிசெய்த பிறகு லோடைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள், ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் அதிர்வெண் நிலைக்கட்டும். டிரிப் விழுந்து நின்ற செட் என்றால் ரீசெட் செய்வதற்கு முன் லிங்கேஜ், சோலினாய்டு, வேக சென்சாரின் இடைவெளி, அதன் கனெக்டர் இவற்றைப் பாருங்கள். தளர்ந்த கனெக்டரால் பொய் டிரிப் வருவதும் உண்டு.

ஒரு விஷயம் பலர் கண்ணில் படுவதே இல்லை. மெயின் சப்ளை திரும்பி வந்ததும் ஏடிஎஸ் ஜெனரேட்டரிலிருந்து மொத்த லோடையும் ஒரேயடியாகப் பிடுங்குகிறது. அதாவது மேலே சொன்ன சோதனை ஒவ்வொரு முறையும் தானாக நடந்துகொண்டிருக்கிறது! பெரிய மோட்டார்களை முதலில் நிறுத்திவிட்டு, சில நொடி கழித்து மாற்றும்படி ஏடிஎஸ்ஸை அமைக்க முடிந்தால், எஞ்சினுக்கும் மோட்டாருக்கும் நல்லது.

இரண்டு செட் இணையாக ஓடும் இடத்தில் லோடு போனால், கவர்னர் மெதுவாக உள்ள செட் மற்றதை மோட்டாராக்கித் தள்ளும். செட்டுக்குள் சக்தி திரும்பிப் பாய்வதைப் பிடிக்கும் ரிவர்ஸ் பவர் ரிலே, தள்ளப்பட்ட செட்டைக் கழற்றிவிடும். எந்த செட் கழன்றதோ அதில்தான் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள்; டீசலைக் குறைக்கத் தாமதித்தது மற்றதுதான். சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அதில் வெளியே வரும் அதிர்வெண்ணை எலக்ட்ரானிக்ஸ் தீர்மானிக்கிறது, எஞ்சின் எகிறினாலும் விளக்குக்குத் தெரியாது.

சோதனை அளவுகளை எழுதிய காகிதத்தைப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். தேதி, ஆயில் எப்போது மாற்றியது, எத்தனை கிலோவாட்டில் இருந்து விட்டது, உச்சம் எவ்வளவு, திரும்ப எத்தனை நொடி. அடுத்த வருடம் அதே லோடை விடும்போது 1610-இல் நின்றது 1660-க்குப் போனால், நான் முதலில் கை வைப்பது கவர்னர் லிங்கேஜில்தான்.